பாதிப் புத்தகத்தோடு வாங்கிய லாரி

லாரியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அது எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், பெண்டாட்டி கழுத்துச் சங்கிலியைக் கொண்டுபோய் ஓடாத லாரிக்குக் கொடுத்த பைத்தியக்காரன் என்றுதான் என்னை நினைப்பீர்கள்.

சண்டைக்கு முன்பு நான் பினாங்கு டவுனில் ஒரு மொத்த மளிகைக் கடையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் வந்ததும் கடை லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முதலாளி கடையைப் பூட்டினார். நான் படகுத்துறையில் மூட்டை தூக்கினேன். அதுவும் தினம் கிடைக்காது. அந்த நேரத்தில்தான் சயாமுக்கு ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்களாம். முதலில் நல்ல சம்பளம், அரிசி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். போனவர்கள் திரும்பவில்லை. ஒரு கடுதாசிகூட வரவில்லை. பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள். நிலையான வேலை இல்லாத தமிழன் என்றால் அவன் பெயர்தான் முதலில்.

எங்கள் சந்துக்குப் பெயர் எழுதும் பொறுப்பு ஒருவரிடம் இருந்தது. கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒரு காலை அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமலே சொன்னார்.

“தம்பி, அடுத்த லிஸ்டுல உன் பேரு இருக்கு. பத்து நாளு டைம். அதுக்குள்ள எங்கயாச்சும் வேலை அட்டை வாங்கிக்க. அட்டையைக் காட்டினா பேரை அடிச்சிடுறேன். இல்லாட்டி என்னால ஒண்ணும் முடியாது-லா.”

எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு நாலு வயது. சின்னவள் பால் மறக்கவில்லை. என் மனைவி அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் போனதும், “அட்டை எங்க குடுக்கிறாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

போக்குவரத்து ஆபீஸில் கொடுத்தார்கள். பினாங்கு தீவாயிற்றே, கடலுக்கு அக்கரையில் இருந்துதான் விறகும் மரவள்ளிக்கிழங்கும் டவுனுக்கு வந்தாக வேண்டும். ஓடுகிற லாரி ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறவனுக்கு உடனே அட்டை. ஆனால் ஓடுகிற லாரிக்கு எங்கே போவது? மிச்சமிருந்தவற்றை ஆட்கள் சக்கரம் வேறு, இன்ஜின் வேறாகக் கழற்றி ஒளித்து வைத்திருந்தார்கள்.

படகில் கிழங்கு கொண்டுவரும் ஒருவர்தான் சொன்னார், சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவரிடம் சொந்த லாரி இருக்கிறது, விற்றாலும் விற்பார் என்று. மனைவி அன்றைக்கே சங்கிலியைக் கழற்றினாள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “கழுத்துல கிடந்து அது என்ன பேசுதா? நீங்க இருந்தா போதும்” என்றாள். நான் தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன். அவள் ஒரு சின்னப் பொட்டலமும் கொடுத்தாள். ஒளித்து வைத்திருந்த சூடம், ஒரே ஒரு வில்லை. அந்தக் காலத்தில் சூடம் கிடைப்பது அரிசி கிடைப்பதைவிடக் கஷ்டம்.

“வாங்குறதுக்கு முன்னால அந்த ஆளைச் சூடம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க” என்றாள்.

கிராணியார் வயதானவர். மெலிந்த உடம்பு. நெற்றியில் மூன்று கோடு திருநீறு, சட்டைப் பையில் பேனா. வேலை போய் ஒரு வருஷம் ஆகியும் பேனா மட்டும் பையை விட்டுப் போகவில்லை. தோட்டம் புது லாரி வாங்கியபோது பழையதை அவரே வாங்கி, தோட்டத்துக்கே வாடகைக்கு ஓட்டியவர். லாரி ரப்பர் காய வைக்கும் புகைக்கூடத்துக்குள் நின்றது. டயர் நாலும் இருந்தது. கேபினுக்குப் பின்னால் ஆளுயர இரும்பு டிரம். பெட்ரோல் இல்லாத காலம் அல்லவா, அந்த டிரம்மில் கரியைப் போட்டு எரித்து, வருகிற புகையை இன்ஜினுக்குக் கொடுத்துத்தான் லாரி ஓட்டினோம்.

“ஓடுமா ஐயா?”

“இப்ப ஓடாது. ஜப்பான்காரர் வந்து சுத்திப் பாத்தவை. கிளப்பிப் பாத்தவை. அசையேல்லை. விட்டிட்டுப் போட்டினம். ஓடியிருந்தா எனக்கேது லொறி?”

பிறகு உள்ளே போய் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். லாரியின் பராமரிப்புப் புத்தகம். ஆங்கிலத்தில் முத்து முத்தாக எழுத்து. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். அவரே விரலை வைத்து வாசித்துக் காட்டினார். எந்த நாள் எண்ணெய் மாற்றியது, எந்த நாள் பிரேக் பார்த்தது, எந்த ஸ்பிரிங் பட்டை உடைந்து எங்கே பற்றவைத்தது, எல்லாம் இருந்தது. நான் ஓட்டிய கடை லாரிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. எனக்கு வாயெல்லாம் பல். அவர் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கம் இல்லை. பிளேடால் அறுத்த அடிக்கட்டை மட்டும் வரிசையாக நின்றது. எண்ணிப் பார்த்தேன். பதினாலு. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளைத் தாள்.

“இந்தப் பதினாலு பக்கம் எங்கங்கய்யா?”

“இல்லை.”

“இல்லைன்னா?”

“இல்லையெண்டா இல்லைத்தானே தம்பி.”

நல்லதை எல்லாம் காட்டுகிறார், கெட்டதை அறுத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்கு முன்னால் சின்னப் பிள்ளையார் கோயில் ஒன்று இருந்தது. நான் பொட்டலத்தைப் பிரித்துச் சூடத்தை அந்தப் படியில் வைத்தேன்.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. எனக்குப் படிப்பில்லை. இந்த லாரியில மறைச்ச கோளாறு ஒண்ணுமில்லைன்னு இந்தச் சூடத்தை அடிச்சுச் சொல்லுங்க. நான் வாங்கிக்கிறேன்.”

அவர் சூடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“மாட்டன்” என்றார்.

“ஏன் ஐயா?”

“மாட்டனெண்டா மாட்டன். விருப்பமெண்டால் வாங்கும், இல்லையெண்டால் போம். பிள்ளையாருக்கு முன்னால என்னைக் கொண்டுவந்து நிப்பாட்டுறீரோ?”

நான் சூடத்தை எடுத்து மடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். தோட்டத்து மண் சாலை முடிகிற இடத்தில் ஒரு சாக்கடைப் பாலம். அதன்மேல் உட்கார்ந்து, மனைவி கட்டிக்கொடுத்த அவித்த கிழங்கைத் தின்றேன். பத்து நாளில் இரண்டு நாள் போயிருந்தது. படகுத்துறை இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் போகும் வண்டி எப்போது வரும் என்று தெரியாது. யோசிக்க நிறைய நேரம் இருந்தது.

அங்கே உட்கார்ந்துதான் நான் மறக்க நினைத்த ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. இதை என் பிள்ளைகளிடம்கூட நான் சொன்னதில்லை. கடையில் இருந்தபோது ஒருநாள் ரிவர்ஸ் எடுக்கையில் லாரியின் பின்பக்கத்தை ஒரு தூணில் இடித்துவிட்டேன். முதலாளி கேட்டார். நான் இல்லை என்றேன். கடைச் சாமி படத்துக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி வைத்து, “அடி” என்றார். நான் அடித்தேன். கை நடுங்கவே இல்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் சாமி பயம் அன்றைக்குக் காணாமல் போய்விட்டது. முதலாளி என்னை நம்பினார். பழி இன்னொரு டிரைவர்மேல் போனது.

பொய்ச் சத்தியம் செய்வது அவ்வளவு சுலபம். செய்தவன் நான், எனக்குத் தெரியும். இந்தக் கிராணியார் நினைத்திருந்தால் ஒரு தட்டுத் தட்டிச் சூடத்தை அணைத்துவிட்டு, சங்கிலியை வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கலாம். அவர் வீட்டிலும் அரிசி இல்லை. அவர் காலில் செருப்புகூட இல்லை. ஆனாலும் மாட்டேன் என்றார். இந்த மனுஷனிடம் வாங்காமல் வேறு யாரிடம் வாங்கப் போகிறேன்?

எழுந்து திரும்பிப் போனேன். அவர் கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன, சூடம் பத்தாமப் போச்சோ?” என்றார், திரும்பாமலே.

“சூடம் வேண்டாங்கய்யா. நானே ஒரு தடவை பொய்யா அடிச்சிருக்கேன்” என்றேன். தூணில் இடித்த கதையை முழுதாகச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. சொல்லாமல் அவரிடம் வேறு எதையும் கேட்கக் கூடாது என்று தோன்றியது. “சத்தியம் எல்லாம் வேண்டாம். அந்தப் பக்கத்தில என்ன இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

“இரும்” என்றார். நான் படியில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் விஷயம் வந்தது. அவருக்கு ஒரு பழக்கம், ரிப்பேரை மட்டும் எழுத மாட்டார். லாரி எங்கே போனது, யார் ஏறினார்கள் என்றும் பக்கத்திலேயே எழுதிவிடுவார். ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின நாட்களில் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் குடும்பத்தையும் சாமான்களையும் அந்த லாரிதான் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பக்கங்களை வைத்திருந்தால் தலை போகும். அறுத்துப் புகைக்கூடத்து அடுப்பில் போட்டிருக்கிறார்.

“எரிச்சது பதினாலு பக்கம். அதுக்குப் பிறகு எழுத மனம் வரேல்லை. அதாலதான் நடந்தது அவ்வளவும்” என்றார்.

“என்ன நடந்தது?”

“இன்ஜின் எண்ணெய் முடிஞ்சு போச்சு. எங்கயும் இல்லை. நான் தேங்காயெண்ணெய் ஊத்தச் சொன்னன். ஒருக்கா இல்லை, ஏழெட்டுத் தரம். எழுதிக்கொண்டு வந்திருந்தால் எத்தனை தரமெண்டு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும், நிப்பாட்டியிருப்பன். எழுதேல்லை. ஒருநாள் தானா நிண்டு போச்சு. இதை வைச்சுக்கொண்டு கோளாறில்லையெண்டு எப்பிடித் தம்பி சூடம் அடிக்கிறது?”

பிறகு எரிந்துபோன பக்கங்களையும் மனப்பாடமாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, தேவாரம் சொல்கிற மாதிரி. பின்பக்கப் பட்டை இரண்டு தரம் மாற்றியது, கியர் பெட்டியில் கசிவு, மூன்றாவது வால்வு உட்காராமல் தேய்த்துச் சரிபண்ணியது. நான் தலையாட்டிக்கொண்டே கேட்டு மனதில் வாங்கிக்கொண்டேன். முடிந்ததும் சங்கிலியை மஞ்சள் துணியோடு அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டார்.

லாரியை இரண்டு மாடுகள் கட்டி, சுங்கை பாக்காப் கடைத்தெருவில் இருந்த சீனர் ஒருவரின் பட்டறைக்கு இழுத்துப் போனோம். அவர் இன்ஜினைத் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் பழுப்பு நிறத்தில், வெல்லப் பாகு ஊற்றிக் காய்ந்த மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தது.

“மாத்தி” என்றார். மலாயில் செத்துப்போச்சு என்று அர்த்தம். “கெரசின் இருந்தா கழுவலாம். கெரசின் உன்கிட்ட இருக்கா? இல்லை. என்கிட்ட இருக்கா? இல்லை. தேங்காயெண்ணெய் ஊத்தினது எந்தப் புத்திசாலி?”

“நான் இல்லை” என்றேன். அது உண்மை என்பதால் நிம்மதியாகச் சொன்னேன்.

விரலால் அந்தப் பிசினைச் சுரண்டிப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். சிக்குப் பிடித்த அந்த எண்ணெய் வாசனையை எங்கேயோ தெரியும். எங்கே என்று பிடிபட ரொம்ப நேரம் ஆயிற்று. எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு! கொஞ்ச நாள் கழுவாமல் விட்டால் குழியில் எண்ணெய் இப்படித்தான் காய்ந்து கட்டிபட்டு நிற்கும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் என் மனைவி அதை எப்படியோ பளபளவென்று ஆக்கிவிடுவாள். எப்படி என்று எனக்குத் தெரியாது. கும்பிடுவதற்கு மட்டும் வந்து நிற்கிறவன் நான்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

“விளக்குப் பிசுக்கா? இதுக்கா இப்படி இடிஞ்சு போய் வந்து நிக்கிறீங்க?” என்றாள். “இத்தனை வருஷத்தில விளக்கைக் கழுவுறப்ப ஒருநாளாவது எட்டிப் பார்த்திருந்தா, அங்கேயே கழுவிட்டு வந்திருக்கலாம்.”

மறுநாள் மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சின்னவளை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னோடு படகேறினாள். ஒரு மூட்டை விறகுச் சாம்பல், கொஞ்சம் புளி, தேங்காய் நார். பட்டறையில் அவளைப் பார்த்ததும் சீனர் வாயில் இருந்த சுருட்டை எடுத்துவிட்டார்.

“தம்பி, இங்க சமைக்கப் போறாங்களா?”

“நீங்க தண்ணி கொதிக்க வைங்க” என்றாள் என் மனைவி அவரிடம், வீட்டில் என்னிடம் சொல்கிற அதே குரலில். அவரும் எழுந்துபோய் வைத்தார்.

கொதிக்கிற தண்ணீரில் சாம்பலைக் கரைத்துத் தெளிய வைத்து, கழற்றிய இரும்புச் சாமான்களை ஊறப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பிசின் நெகிழ்ந்து சவுக்காரம் மாதிரி வழுவழுவென்று வந்தது. நார் வைத்துத் தேய்த்தாள். பித்தளைச் சாமான்களுக்குப் புளி. குழாய்க்குள் நார் போகாத இடத்தில் சீனர் கம்பியில் துணி சுற்றிக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் அவரே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். மூன்று நாள் மூன்று பேரும் தேய்த்தோம். மூன்றாவது வால்வை மட்டும் திரும்பத் தேய்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று சீனர் கேட்டார். புத்தகத்தில் இருந்தது என்றேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எங்க?” என்றார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டு வால்வை எடுத்துக்கொண்டு போனார். எங்கோ ஒளித்து வைத்திருந்த பழைய இன்ஜின் எண்ணெயை வடிகட்டி அவரே ஊற்றினார்.

கிளப்புகிற நாளில் ராகுகாலம் பற்றிப் பெரிய வாக்குவாதம். ஜப்பான்காரன் எல்லாக் கடிகாரத்தையும் அவன் ஊர் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தான். கடிகாரத்தைப் பார்த்தால் ராகுகாலம் முடிந்திருந்தது. வெயிலைப் பார்த்தால் இப்போதுதான் ஆரம்பம். “ராகு எந்த ஊர் நேரத்துல வருவாரு?” என்று அவள் என்னைக் கேட்டாள். நான் சீனரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் சூரியன் பக்கமே நின்று, ஒன்றரை மணி காத்திருந்தோம். நான் அந்த நேரமெல்லாம் டிரம்மில் கரியை விசிறிக்கொண்டே இருந்தேன். பிறகு தண்ணீர்மலையானைக் கூப்பிட்டு, லாரியின் முன்னால் செருகிய கைப்பிடியைச் சுழற்றினேன். நாலாவது சுற்றில் ஒரு இருமல். ஐந்தாவதில் இன்னொரு இருமல். ஆறாவதில் லாரி உடம்பெல்லாம் குலுங்கி, இன்ஜின் நிதானமாக ஓட ஆரம்பித்தது.

“போலே! போலே-லா!” என்று சீனர் தன் தொடையைத் தட்டிக்கொண்டு கத்தினார். மலாயில் முடியும் என்று அர்த்தம். என் மனைவி சாம்பல் தண்ணீரில் வெந்துபோன கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இன்ஜினைப் பார்த்து அப்படியே கும்பிட்டாள்.

ஒன்பதாவது நாள் பட்டர்வொர்த் போக்குவரத்து ஆபீஸ் முற்றத்தில் லாரியை நிறுத்தினேன். காவல்காரனுக்குக் குனிந்து வணங்கினேன். மேசையில் ஒரு மலாய் குமாஸ்தா. பின்னால் ஒரு ஜப்பான் அதிகாரி நின்றுகொண்டிருந்தான். குமாஸ்தா புத்தகத்தை வாங்கிப் புரட்டி, அறுத்த இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“மிச்சம் எங்கே?”

தொலைந்துபோனது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் வாய் வேறு பாதையில் போய்விட்டது. மேனேஜர் கதையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மலாயில் சொல்ல ஆரம்பித்தேன். தேங்காயெண்ணெய் ஊற்றியது, அது எத்தனை தரம் என்று யாருக்கும் தெரியாது என்பது, மனைவி விளக்குக் கழுவுகிற சாம்பல், புளி, நார், மூன்றாவது வால்வு, கியர் பெட்டியில் இன்னும் கொஞ்சம் கசிகிறது என்பது வரை. கியர் பெட்டியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குமாஸ்தா கையைத் தூக்கினார்.

“சுடா, சுடா. போதும். நான் லாரியைத்தான் கேட்டேன், உன் சம்சாரம் விளக்குக் கழுவுறதை இல்லை.”

ஜப்பான் அதிகாரி அவரிடம் ஏதோ கேட்டான். அவர் ஏதோ சொன்னார். அவன் சிரிக்கவில்லை. நேரே வந்து கேபினில் ஏறி, முற்றத்தை இரண்டு சுற்று ஓட்டினான். இறங்கி, இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நான் கந்தர் சஷ்டிக் கவசத்தை ஆரம்பத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிகூட வரவில்லை. அவன் தலையை ஆட்டினான். முத்திரை விழுந்தது.

அட்டையில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. “சுமை தூக்கும் ஆள் ரெண்டு பேர். பேரைச் சொல்லு” என்றார் குமாஸ்தா. எனக்கு இப்படி ஒரு வரி இருக்கும் என்று தெரியாது. எங்கள் சந்தில் எனக்கு இரண்டு வீடு தள்ளி முடி வெட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அவர் பெயரும் அதே லிஸ்டில். அவருக்கு எதிர்வீட்டில் பூ கட்டி விற்கிறவர், அவர் பெயரும்தான். யோசிக்கவே இல்லை, இரண்டு பெயரையும் சொன்னேன். குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

மறுநாள் பெயர் எழுதுகிறவர் வந்து அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடியில் இருந்து லிஸ்டை எடுத்து, எங்கள் வாசலிலேயே நின்று மூன்று பெயரை அடித்தார். அந்தச் சந்தில் இருந்து அந்த மாதம் நாலு பேர் போனார்கள். அவர்களுக்கு என் அட்டையில் இடமில்லை. இன்றைக்கும் சாமி கும்பிடும்போது அந்த நாலு பேரையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

முதல் லோடு விறகு. முடி வெட்டுகிறவர் ஒரு கட்டையைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டு, அப்படியே சாய்ந்து என்மேல் விழப் பார்த்தார்.

“அண்ணே, தலையைத்தான் இதுவரைக்கும் பிடிச்சிருக்கேன். கட்டை இப்படிக் கனக்கும்னு யாரும் சொல்லலையே!”

“ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லைய்யா. உன்கிட்ட வர்ற தலைங்களும் இதே கனம்தான்” என்றார் பூ விற்கிறவர், லாரி மேலிருந்து. “சீக்கிரம் குடு. படகு போயிடும்.”

நான் டிரம்மில் இன்னும் ஒரு வாளி கரியைக் கொட்டிவிட்டு, கைப்பிடியை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.